தமிழிலிருந்து எவ்வளவு தூரம்?

வேலைக்காகவோ விசாவுக்காகவோ அல்லாமல், ஆசைக்காக ஓர் அயல்மொழியைக் கற்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘எது எளிது?’ என்பதைத்தான். இணையத்தில் தேடினால் ஒரு பட்டியல் வந்து நிற்கும். ஸ்பானிஷ், இத்தாலியன், பிரெஞ்சு எளியவை, இந்தோனேசியன் நடுத்தரம், துருக்கி மொழி கடினம், ஜப்பானியம், கொரியன், அரபு, சீனம் மிகக் கடினம். இதைப் பார்த்துவிட்டு, மனத்துக்குப் பிடித்த கொரியனைக் கைவிட்டு, பிடிப்பே இல்லாத இன்னொரு மொழியைத் தொடங்கி, சில வாரங்களில் அதையும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

அந்தப் பட்டியலின் பிறப்பிடம் அமெரிக்கா. தூதரக அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்காக அந்நாட்டு வெளியுறவுத் துறை 1947-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. பல்லாண்டு வகுப்பறை அனுபவத்தை வைத்து, ஒரு மொழியில் அலுவல் நடத்தும் அளவுக்குத் தேற எத்தனை வாரம் தேவை என்று அது கணக்கிட்டது. ஸ்பானிஷுக்குச் சுமார் 30 வாரம், இந்தோனேசியனுக்கு 36, துருக்கி மொழிக்கு 44. ஜப்பானியம், கொரியன், அரபு, சீனத்துக்கு 88 வாரம், அதாவது ஏறத்தாழ 2,200 மணி நேர வகுப்பு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை வைத்துப் போட்ட கணக்கு. அதே பட்டியலில் தமிழும் இருக்கிறது, கடினமான 44 வார வரிசையில்!

ஒரு மொழி கடினமா, எளிதா என்பது அந்த மொழியை மட்டும் பொறுத்ததன்று. கற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மொழியியலாளர்கள் இதை மொழித் தொலைவு என்கிறார்கள். நாம் அதைத் தமிழிலிருந்துதான் அளக்க வேண்டும்.

வினை கடைசியில் வரும் மொழிகள்

‘நேற்று கடையில் வாங்கிய புத்தகத்தைப் படிக்கிறேன்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியத்தில் இது ‘கினோ மிசெ-டெ கத்தா ஹோன்-ஓ யோமிமாஸ்’. கினோ: நேற்று. மிசெ-டெ: கடையில். கத்தா: வாங்கிய. ஹோன்-ஓ: புத்தகத்தை. யோமிமாஸ்: படிக்கிறேன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. வினை வாக்கியத்தை முடித்துவைக்கிறது. ஆங்கிலேயர் இதே வாக்கியத்தைச் சொல்ல, ஏறக்குறைய முழு வரிசையையும் தலைகீழாக்க வேண்டும். அவர்களுக்கான 88 வாரத்தில் ஒரு பகுதி இந்தப் பயிற்சியிலேயே கழிகிறது.

துணைவினைகளைப் பார்த்தால் ஒற்றுமை இன்னும் வியப்பூட்டும். ‘படித்துப் பார்’ என்று நாம் சொல்வதை ஜப்பானியர் ‘யோண்டெ மிரு’ என்கிறார்கள். மிரு என்றால் பார். கொரியரும் படிப்பதோடு பார்ப்பதைச் சேர்த்து ‘இல்கொ பொதா’ என்றுதான் சொல்கிறார்கள். ‘எழுதி வை’ என்பதில் நாம் வைப்பதுபோலவே ஜப்பானியரும் ‘கைதெ ஒகு’ என்று வைக்கிறார்கள். துருக்கி மொழியில் ‘எவ்-லெர்-இமிஸ்-தெ’ என்றால் நம் வீடுகளில். எவ் வீடு, லெர் பன்மை, இமிஸ் நம், தெ இடப்பொருள். ஒட்டின்மேல் ஒட்டாகச் சேர்த்துச் சொல் வளர்க்கும் இந்த முறை நமக்குப் பழகியது.

உறவா, ஒற்றுமையா?

இதைக் கண்டு, தமிழும் இந்த மொழிகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று முடிவுகட்டுபவர்கள் பலர். கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரிய, திராவிட மொழிகளின் இலக்கணங்களை ஒப்பிட்டு நூல் எழுதினார். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, தமிழோடு ஜப்பானியத்துக்கு உறவு உண்டு என்று நீண்டகாலம் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் இந்தக் கருத்துகளை ஏற்கவில்லை. இரு மொழிகள் உறவுடையவை என்று நிறுவ, அடிப்படைச் சொற்களில் ஒலிக்கு ஒலி ஒழுங்கான பொருத்தம் காட்ட வேண்டும். அம்மா, அப்பா போன்ற சொற்கள் இதற்குச் சான்றாகா. குழந்தை முதலில் உச்சரிக்கும் உதட்டொலிகளிலிருந்து இப்படிப்பட்ட சொற்கள் உலகின் பல மொழிகளில் தனித்தனியே பிறந்திருக்கின்றன.

அப்படியானால் ஒற்றுமைக்குக் காரணம் என்ன? அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் 1963-இல் 30 மொழிகளை ஒப்பிட்டு ஒரு விடை தந்தார். வாக்கிய உறுப்புகள் தனித்தனியே அமைவதில்லை. வினை கடைசியில் வரும் மொழியில் உருபுகள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும். மற்ற உறுப்புகளும் அதற்கேற்ப அமையும். ஆகவே உறவில்லாத மொழிகளும் ஒரே சாயலில் வளர முடியும். கற்பவருக்கு உதவுவது இந்தச் சாயல்தான். அதற்கு இரத்த உறவு தேவையில்லை.

காதுக்குப் பழகிய ஒலி

இலக்கணம் அருகில் இருந்தாலும் ஒலி தூரத்தில் இருக்கலாம். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. இந்தியில் உள்ள ட, த வேறுபாட்டை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் கண்டுகொண்டன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. வீட்டில் கேட்காத வேறுபாட்டை மூளை ஒதுக்கிவிடுகிறது. அவர்கள் இழந்த ட, த வேறுபாடு நமக்குப் பிறவிச் சொத்து. நாம் இழந்தவையும் உண்டு. மூச்சை உந்திச் சொல்லும் ஒலிகள் தமிழில் இல்லாததால், சாதாரண ஒலி, இறுக்கிச் சொல்லும் ஒலி, மூச்சொலி என்று கொரியன் மூன்றாகப் பிரிப்பதைப் பிடிக்க நம் காதுக்குப் பயிற்சி வேண்டும். சீனத்தின் நான்கு தொனிகளும் அப்படியே.

ஆனால் கொரிய எழுத்தில் நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ‘கல்’லில் வரும் க வேறு, ‘தங்கம்’ என்பதில் வரும் க வேறு, எழுத்து ஒன்று. கொரியனிலும் சாதாரண க, ட, ப ஒலிகள் சொல்லின் முதலில் வன்மையாகவும் உயிர்களுக்கு இடையே மென்மையாகவும் ஒலிக்கும். நாம் இதற்குத் தனியாக விதி கற்க வேண்டியதில்லை.

எழுத்தும் ஒரு கணக்கு

மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் அறிவித்த கொரிய எழுத்து முறையில் இன்று 24 அடிப்படை எழுத்துகள். மெய்யெழுத்துகளின் வடிவமே நாவும் உதடும் நிற்கும் நிலையைக் காட்டும். ஊக்கமாக உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். ஜப்பானியத்தின் ஹிரகானா எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போகும். பௌத்தத் துறவிகள் வழியே சென்ற இந்திய ஒலியியல் மரபின் தாக்கம் அது. ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு பட்டியலிட்டுள்ள, கான்ஜி எனும் சீன வகை எழுத்துகள் 2,136. இந்தச் சுமை தமிழருக்கும் குறைவதில்லை. பேச மட்டும் விரும்புபவர் இதைத் தள்ளிப்போடலாம். நாவல் படிக்க விரும்புபவர் ஆண்டுக்கணக்கில் உழைக்கத்தான் வேண்டும்.

எளியவை எனப்படும் மொழிகளிலும் நமக்கு எதிர்பாராத நெருக்கங்கள் உண்டு. ஸ்பானிஷின் ஐந்து உயிரொலிகளும் நம் வாயில் ஏற்கெனவே உள்ளவை. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு நிகரான ‘மே குஸ்தா’ அமைப்பில் ஆங்கிலேயர் தடுமாறுவார்கள்; நமக்கு அது இயல்பு. அதே ஸ்பானிஷில் மேசைக்கும் பால் உண்டு என்பது நமக்குச் சிரமம். இந்தோனேசியனில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கித்தா, காமி என்று அப்படியே இருக்கிறது. காலத்துக்கேற்ப வினை மாறாது. அரபு எழுத்தை மதரஸாவில் சிறுவயதிலேயே ஓதிப் பழகியவருக்கு, பட்டியல் மிகக் கடினம் என்று சொல்லும் அரபின் முதல் படி முடிந்தே விட்டது.

வயதும் நினைவும்

‘இந்த வயதில் வருமா?’ என்ற தயக்கம் வேண்டாம். பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கியவருக்கே உச்சரிப்பும் நுண்ணிலக்கணமும் தாய்மொழியாளர்போல் அமையும் என்பது உண்மை. ஆனால் நெதர்லாந்தில் டச்சு மொழி கற்ற ஆங்கிலேயர்களை ஆராய்ந்து 1978-இல் வெளிவந்த ஆய்வில், முதல் சில மாதங்களில் சிறு குழந்தைகளைவிட வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களுமே வேகமாகக் கற்றார்கள். சுவீடன் ராணுவ மொழிபெயர்ப்பாளர் பள்ளியில் தீவிரமாக மொழி கற்ற இளைஞர்களின் மூளையில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி மூன்றே மாதத்தில் வளர்ந்திருந்ததை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. பல மொழி பேசுபவர்களுக்கு மறதிநோய் சில ஆண்டுகள் தாமதமாக வருகிறது என்று ஹைதராபாத்தில் 648 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் சொன்னது. அந்தப் பன்மொழியாளர்கள் வாழ்நாள் முழுதும் பல மொழிகளில் புழங்கியவர்கள். வார இறுதி வகுப்புக்கும் அதே பலன் கிடைக்கும் என்று யாரும் வாக்குத் தர முடியாது.

நினைவில் நிறுத்தும் வழி பற்றி அறிவியல் இன்னும் உறுதியாகப் பேசுகிறது. உளவியலாளர்கள் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களைக் கற்பித்தார்கள். தெரிந்துவிட்ட சொற்களையும் மீண்டும் மீண்டும் பார்க்காமல் நினைவுகூர்ந்து சொன்னவர்கள், ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவீதத்தைச் சொன்னார்கள். நினைவுகூர்வதை நிறுத்திவிட்டுப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவே சொன்னார்கள். உளவியலாளர் ஹாரி பாரிக் உட்பட அவர் குடும்பத்தினர் நால்வர் அயல்மொழிச் சொற்களைக் கற்றுத் தங்களையே சோதனைக்கு உட்படுத்தினர். 56 நாள் இடைவெளியில் 13 முறை படித்தது, 14 நாள் இடைவெளியில் 26 முறை படித்ததற்கு ஈடாக நின்றது. எனவே புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். இடைவெளி விட்டுத் திரும்ப வாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஆண்டுக்குச் சுமார் 180 மணி நேரம். தூதரக அதிகாரிக்குரிய தேர்ச்சிக்கு அது போதாது. கடையில் விலை கேட்கவும், பாட்டின் பொருள் புரியவும், நண்பரோடு எளிய உரையாடல் நடத்தவும் நல்ல தொடக்கம். அந்த அரை மணியை ஆண்டுமுழுதும் காப்பாற்றுவது விருப்பம்தான். ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும் கனடாவில் பிரெஞ்சு கற்ற மாணவர்களை ஆராய்ந்து 1959-இலேயே இதைச் சொன்னார்கள்: மொழித்திறன் ஒரு காரணி, ஆர்வம் இன்னொரு காரணி, ஒன்று மற்றொன்றைச் சார்ந்ததன்று.

ஆகவே முதலில் எந்த மக்களின் பாட்டும் படமும் கதையும் உங்களை இழுக்கின்றன என்று பாருங்கள். பிறகு அந்த மொழியின் இலக்கணம், ஒலி, எழுத்து மூன்றையும் தமிழோடு வைத்து அளந்து பாருங்கள். எது அருகில், எது தூரம் என்று தெரிந்தால் உழைப்பை எங்கே செலவிடுவது என்பதும் தெரிந்துவிடும். இரண்டு மொழிகள் சமமாகப் பிடித்திருந்தால், வினை கடைசியில் வரும் மொழியைத் தேர்ந்தெடுங்கள். பிறருக்காகப் போட்ட பட்டியலைப் பார்த்து, பிடித்த மொழியை விட்டுவிடாதீர்கள்.