சேம அச்சும் இறப்பர்ப் பட்டியும்

உப்பு வணிகராகிய உமணர் நெடுவழி செல்லும்போது, பூட்டிய அச்சு முறியின் மாற்றுதற்கென வேறோர் அச்சை வண்டியின் அடியிலே கட்டிச் செல்வர். இதனைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டால் அறிகிறோம். அவ்வாறு கட்டப்பட்ட அச்சுக்குச் சேம அச்சு என்று பெயர். புத்தளக் கரையில் இன்றும் உப்பு விளைகிறது. இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. ஆயினும், இங்கே பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் முதலிற் கவலைப்பட வேண்டியது அச்சைப் பற்றியன்று. கதவின் ஓரத்திலும் கண்ணாடியின் ஓரத்திலும் கவனிப்பாரின்றிக் கிடக்கும் கறுத்த இறப்பர்ப் பட்டியைப் பற்றியே ஆகும்.

சிலாபம் முதற் கற்பிட்டி வரையுள்ள கரையிலே பழைய வண்டிகள் இன்னும் ஓடுதல் வெறும் ஆசையால் நிகழ்வதன்று. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்து, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொரிஸ் மைனரும் அக்காலத்து ஒஸ்ரின் வண்டிகளும் இந்நாட்டில் மிகுதியாக வந்திறங்கின. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி ஒடுக்கப்பட்டபோது, உள்ளதைப் பேணுதலன்றி வேறு வழியில்லாது போயிற்று. 1977இற்குப் பின் யப்பானிய வண்டிகள் பெருகின. 2020 மார்ச்சில் இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்தில் அத்தடை தளர்ந்தபோதும், வரிப் பாரத்தோடு கூடிய புது வண்டி ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டுவதன்று. ஆகவே பழைய வண்டியைக் காத்தல் எம்மனோர்க்குப் பொழுதுபோக்கன்று, குடும்பக் கணக்கு.

இப்பட்டிக்குத் தமிழிற் பெயர் யாது? ஆங்கிலத்திற் சீல் என்பர். அகராதியைப் புரட்டி அதனை முத்திரை என்று பெயர்ப்பாரும் உளர். முத்திரை ஓலைக்கு இடுவது. வண்டிக் கதவுக்கு இடுவதன்று. கராஜ்காரர் பீடிங் என்பர். மரக்கலத்தின் பலகை இடுக்குகளிற் பஞ்சும் நாரும் திணித்து நீர் புகாவண்ணம் அடைக்கும் தொழிலைக் கரையோர மக்கள் கலப்பத்து என்று வழங்கினர். பிறமொழி வழியாக வந்து தமிழாகிவிட்ட சொல் அது. மோட்டார் வண்டியின் இறப்பர்ப் பட்டி செய்யும் வேலையும் அதுவே. கலத்துக்குக் கடலைத் தடுத்தல்; வண்டிக்கு மழையையும் காற்றையும் தடுத்தல். கலப்பத்து விட்டுப்போன தோணியைக் கடலில் இறக்க எந்த மீனவனும் துணியான். பட்டி விட்டுப்போன வண்டியை மழையில் ஓட்ட நாம் மட்டும் தயங்குவதில்லை!

இறப்பர் ஏன் கெடுகிறது? மரப்பாலினின்று எடுத்த இறப்பர் வெயிலில் இளகும்; குளிரில் இறுகும். சாள்ஸ் குட்இயர் 1839இல் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, நிலைத்த நெகிழ்ச்சி பெறச் செய்தார். ஆயினும் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியே நிற்கின்றன. வளியிலுள்ள ஓசோன் அவ்விடங்களைத் தாக்குகிறது. ஒட்சிசனும் வெயிலும் துணைபுரிகின்றன. இழுபட்டு வளைந்து நிற்கும் மூலைகளிலேதான் வெடிப்பு முதலிலே தோன்றும். நெடுநாள் நசுங்கிக் கிடந்த பட்டி, கதவைத் திறந்தபின்னும் மீண்டு எழாது தட்டையாகிவிடும். பார்வைக்கு அஃது இருப்பதுபோலவே இருக்கும், வேலைக்கு இராது.

இதனால் விளையும் கேடு நனைந்த இருக்கையோடு நின்றுவிடின் யாம் இக்கட்டுரையை எழுதவேண்டியதில்லை. மைனர் போன்ற வண்டிகளுக்குத் தனியே சட்டம் இல்லை, தகட்டுடலே சட்டமுமாகும். அதன் முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குச் சலாகைகளின் பின்முனை, தரையடிக் குறுக்குத் தாங்கியிலே பொருத்தப்பட்டுள்ளது. கண்ணாடியோரமாக ஒழுகிய நீர் தரைவிரிப்பின் கீழே தங்குகிறது. கடற்காற்றுக் கொணரும் உப்பு அந்நீரிற் கரைந்து துருவை விரைவுபடுத்துகிறது. மேலே பூச்சு மினுங்க, கீழே தாங்கும் இரும்பு உதிர்கிறது. எம்மோடு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஒரு கார்த்திகை மழைக்குப் பின் விரிப்பைத் தூக்கியபோது, தரைத்தகட்டின் துளையூடாக வீதியைக் கண்டார். பின்னர் தகரவேலைக்கு அவர் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பகுதி, முன்னரே பட்டி மாற்றப் போதியதாக இருந்திருக்கும். பின்பெட்டி மூடியின் பட்டி கெட்டாலோ, புகைக்குழாயின் காபனோரொட்சைட்டு உள்ளே இழுபடக்கூடும். மணமும் நிறமும் அற்ற நஞ்சு அது. பின்னிருக்கையிற் குழந்தைகள் உறங்கி வழிவதைப் பயணக் களைப்பென்று எண்ணியிருத்தல் தகாது.

மாற்றும் முறை அரிதன்று, பொறுமையே வேண்டும். முன்கண்ணாடியாயின் பழைய பட்டியைக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். அதனைக் காப்பாற்ற எண்ணி நெம்பினாற் கண்ணாடி உடையும். பின்பு தகட்டு விளிம்பைச் சுரண்டித் துருநீக்கி, அடிப்பூச்சும் மேற்பூச்சும் இட்டு நன்கு உலரவிட வேண்டும். துருவின்மேற் புதுப்பட்டி பொருத்துதல் புண்ணின்மேற் பட்டாடை போர்த்தல் போலாம். புதுப்பட்டியைக் கண்ணாடியைச் சுற்றி அணிவித்து, விளிம்பிற் பொருந்தும் பள்ளத்திலே உறுதியான கயிறொன்றைச் சுற்றவிட்டு, அதன் இரு முனைகளும் கீழ்நடுவில் உட்புறம் வரச் செய்க. சவர்க்கார நீர் தடவி, ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுக்க, பட்டியின் உதடு தகட்டின்மேல் ஏறி அமரும். இருவர் கையும் ஒருமித்தால் அன்றி இது கைகூடாது.

கதவுப் பட்டியை வாங்குமுன் பழையதன் ஒரு துண்டை அறுத்தெடுத்துச் செல்க. நீளம் ஒத்தாற் போதாது. வெட்டுமுகம் ஒத்திருத்தல் வேண்டும். பருத்த பட்டி கதவைப் பூட்டவிடாது. மெலிந்தது நீரைத் தடுக்காது. மூலைகளில் இழுத்துப் பொருத்தினால் அங்கேயே மறுபடி வெடிக்கும். கதவின் அடியிலுள்ள வடிதுளைகளையும் குத்தித் திறந்துவிட வேண்டும். சாளரக் கண்ணாடியின் வழியே கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேறும் வழி அதுவே.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் கூறுதல் தகும். தென்னை மிகுந்த நாட்டினராகிய நாம் எதற்கும் தேங்காயெண்ணெய் தேடுவோம். இயற்கை இறப்பருக்கு எண்ணெய் பகை. அஃது அதனை ஊதச் செய்து வலிவிழக்கச் செய்யும். தடை இயக்கத்தின் இறப்பர்க் கிண்ணங்களில் இயந்திர எண்ணெய் படின் நிலை இன்னும் கொடிது. மிதித்தால் வண்டி நில்லாது போகலாம். மற்றது, வெடித்த பட்டியின்மேற் பசையை அப்பி மறைத்தல். நீர் வரும் வழியை அது சில வேளை அடைக்கும். உள்ளே போன நீர் வெளிவரும் வழியையும் சேர்த்தே அடைக்கும்.

இறப்பர் விளையும் நாட்டில் இதற்கு முட்டுப்பாடு ஏன் என்று மாணாக்கர் வினவலாம். 1876இற் கியூ தோட்டத்தினின்று அனுப்பப்பட்ட கன்றுகள் ஹெனரத்கொடையிலே நடப்பட்டன. 1952இற் சீனத்தோடு செய்த ஒப்பந்தத்தால் இறப்பர் கொடுத்து அரிசி பெற்றோம். அகலவத்தையில் அதற்கென ஆராய்ச்சி நிலையமே உண்டு. ஆயினும் வெயிலுக்கும் ஓசோனுக்கும் நின்று தாங்கும் பட்டிக்கு மரப்பால் சிறந்ததன்று. 1960களிற் பரவிய ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை இறப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இல்லாமையால், ஓசோனுக்கு அங்கே பற்றுக்கோடில்லை. புதுப்பட்டி வாங்குவோர் இவ்வகையைக் கேட்டு வாங்குதல் நன்று. நம் நிலத்தில் விளைந்தது என்பதனாலேயே ஒரு பொருள் எல்லா வேலைக்கும் ஏற்றதாகிவிடாது.

ஐப்பசி மழை இறங்குமுன் ஒவ்வொருவரும் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. மாணவர் கொப்பியினின்று ஒரு தாளைக் கிழித்துக் கதவிடை வைத்துப் பூட்டி, மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிப்போடு வந்தால் அவ்விடம் நன்று. வழுக்கி வந்தால் நீரும் அவ்வழியே வரும். வழுக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள். நாலு கதவும் பின்பெட்டியும் பார்த்து முடிக்க அரைமணி நேரம் போதும்.