இருமொழியாளன் பெற்ற கூலி

சீனத்துக் காண்டன் நகரில் 1906-ஆம் ஆண்டு, ஃபங் பாக் லியு என்பவர் லீ டோ மிங்கோடு கூட்டுச் சேர்ந்து 'லீ அண்டு ஃபங்' என்ற ஏற்றுமதி ஸ்தாபனத்தைத் தொடங்கியபோது, அவரிடமிருந்த பிரதான முதல் ஆங்கில ஞானமே எனலாம். பட்டறைக்காரனுக்கு இங்கிலீஷ் வராது. அமெரிக்க வியாபாரிக்குச் சீனம் வராது. பீங்கானும் பட்டும் கைமாறும்பொருட்டு இருவருக்கும் நடுவே நின்று பேசியதற்கு அவர் பெற்ற தரகு நூற்றுக்கு 15. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கம் பிள்ளையின் செல்வாக்குக்கும் இத்தகைய இருமொழி ஞானம் துணைநின்றதல்லவா? ஆனால் பாஷையோ பிறரும் கற்றுக்கொள்ளக்கூடியது; ஆகவே தலைமுறைகள் மாற மாறத் தரகு 10 ஆகி, 5 ஆகி, 3-க்கு வந்து நின்றது. 1970-களில் ஹார்வர்டில் ஆசிரியராயிருந்து ஹாங்காங் திரும்பிய பேரர் விக்டர் ஃபங்கிடம், பத்தாண்டுகளில் இத்தொழிலே இராது என்று நண்பர்கள் எச்சரித்தார்கள்.

தொழில் அழியவில்லை, வேறு வேலையை மேற்கொண்டது. ஐரோப்பியக் கடைக்காரர் ஒருவர் 10,000 உடுப்புகள் கேட்டால் என்ன நடக்கும் என்பதை விக்டரே விவரித்திருக்கிறார்: கொரியாவில் நூல் வாங்கி, தைவானில் நெய்து சாயமேற்றி, ஜப்பானியக் கம்பெனியின் ஜிப்புகளை அதன் சீனத் தொழிற்சாலைகளிலிருந்து தருவித்து, தாய்லாந்தில் ஐந்து ஆலைகளுக்குப் பங்கிட்டுத் தைத்து, ஐந்து வாரங்களுக்குள் எல்லாம் ஒரே ஆலையில் உருவானவைபோல் கடையில் சேர்ப்பிப்பது.

இச்சேவைக்கு விலை எவ்வளவு? 1988 முதல் 1998 வரை சீன ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி ஹாங்காங் வழியே சென்றது. அங்கே நுழைந்த விலையைக் காட்டிலும் வெளியேறிய விலை சராசரி 24 சதவீதம் அதிகம் என்று ராபர்ட் ஃபீன்ஸ்ட்ரா, கார்டன் ஹான்சன் என்னும் இரு பொருளாதார நிபுணர்கள் கணக்கிட்டனர். அதிலும் விசேஷம், எங்கும் ஒரே தரமாகக் கிடைக்கும் சரக்குகளைவிட, ஒன்றுக்கொன்று தரம் வேறுபடும் சரக்குகளுக்கே இந்த வித்தியாசம் மிகுந்திருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதே. பெட்டியைத் திறந்து, தையலை இழுத்துப் பார்த்து, கழிக்க வேண்டியதைத் தயவுதாட்சண்யமின்றிக் கழிப்பதற்கு, தூரதேசத்துக் கடைக்காரனுக்கு நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. நடுவில் நிற்பவன் சும்மா நின்று காசு பறிக்கிறான் என்ற பழிப்பேச்சு எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை.

பிற்பாடு பெருங்கடைகள் பல ஆலைகளோடு நேரடியாகப் பேசத் தலைப்பட்டன. வருமானம் சுருங்கிய லீ அண்டு ஃபங் 2020-இல் ஹாங்காங் பங்குச் சந்தையை விட்டு விலகிற்று. அந்தக் கடைகளோ, தையலை இழுத்துப் பார்ப்பதற்குத் தாமே ஆட்களை அமர்த்தி, அன்று தரகு என்று கொடுத்ததை இன்று சம்பளம் என்று கணக்கெழுதிக்கொண்டிருக்கின்றன.