பிள்ளை பார்ப்பதும் உழைப்பே



பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும், மீன்கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்களும் விடியுமுன்னே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்நேரத்தில் அங்கன்வாடி திறந்திருக்காது. கைக்குழந்தையை யார் பார்ப்பது?

1969-இல் தில்லியில், கட்டட வேலை செய்யும் தாய்மாரின் குழந்தைகள் மண்ணில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன், வேலையிடத்திலேயே காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' அப்படிப் பிறந்தது. நம் ஊரில், தன் சிறு பிள்ளைகளோடு வீட்டிலிருக்கும் ஒரு தாயே இதைத் தொடங்கலாம். மூன்று காரியங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, எண்ணிக்கை. மூன்று வயதுக்குட்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர் என்பது காப்பகங்களுக்கான அரசு வழிகாட்டுதல். அடுப்பு வேலையும் உள்ள வீட்டில், சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்து நான்கைத் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர். தொட்டியும் வாளியும் மூடியிருக்கட்டும். ஏரிப்பக்க வாசலுக்குத் தாழ்ப்பாள் இருக்கட்டும்.

மூன்றாவது, கூலி. நேரம், பால், சம்பளம் எல்லாம் முதல் நாளே பேசி முடிவாகட்டும்.

கூலி கேட்கக் கூச்சமா? விடுதலைப் பயண நூலில், பார்வோனின் மகள் மோசேயைப் பெற்ற தாயிடமே கொடுத்து, பாலூட்டி வளர்க்க ஊதியமும் தந்தாள். பாசத்தோடு செய்தாலும் உழைப்பு உழைப்பே. மீன் விற்றுத் திரும்பும் சகோதரியே, அந்தக் கூலியைக் கடன் வைக்காதீர்கள்.