அன்னபூரணி என்னும் மரக்கலம்

திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற திருத்தெளிச்சேரி, இன்று காரைக்காலின் கோவில்பத்துப் பகுதியாக விளங்குகிறது. அங்குப் பார்வதீசுவரரை வணங்கும் அன்பர்கள் காரைக்கால் அம்மையாரின் சந்நிதிக்கும் செல்வது வழக்கம். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய திருவிழாவில் மாடிகளிலிருந்து இறைக்கப்படும் மாங்கனிகளை நாம் மறப்பதில்லை. அம்மையாரின் கணவர் பரமதத்தர் பொருளீட்ட ஏறிச்சென்ற மரக்கலத்தை மட்டும் மறந்துவிடுகிறோம். அத்தகைய மரக்கலங்கள் புராணத்தோடு முடிந்துவிடவில்லை.

இக்கரையிலிருந்து தெற்கே கடலைக் கடந்தால் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. கப்பல் கட்டுவதும் ஓட்டுவதும் அவ்வூராரின் குலத்தொழில். ஊரின் வைத்தீசுவரன் கோயிலே கப்பல் வணிகரான திருமேனியார் வேங்கடாசலம் பிள்ளை எழுப்பியதுதான். அங்கு வேப்பமரத்தால் கட்டப்பட்டது 'அன்னபூரணி அம்மாள்'. நீளம் 89 அடி, பாய்மரங்கள் இரண்டு. ஸ்கூனர் என்பர் சிலர். முன்மரத்தில் குறுக்குப்பாய் கட்டியதால் பிரிகண்டைன் என்பதே பொருந்தும் என்பர் வேறு சிலர். பாயின் அமைப்பைப் பற்றிய வழக்கு அது. கட்டிய தச்சர்களுக்கு அது தோணிதான்.

32 அடிப் படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்தவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். மரக்கலங்களின் அருமை அறிந்த அவர் அன்னபூரணியை விலைக்கு வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். 1937-இல் கப்பல் புறப்பட்டது. தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமியர் சிலரும் உடன் சென்றனர். செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், அட்லாண்டிக் பெருங்கடல் என்று நீண்ட அப்பயணம், 1938 ஆகஸ்டு 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறைவுற்றது. வேட்டியும் தலைப்பாகையுமாகத் தம் கடலில் தொழில் செய்து பழகியவர்கள், அட்லாண்டிக்கின் குளிரையும் அலையையும் எவ்வாறு தாங்கினரோ! கையில் பட்டமோ சான்றிதழோ வைத்திருந்தவர்கள் அல்லர். காற்றையும் விண்மீனையும் தந்தையரிடம் கற்றவர்கள். அமெரிக்கச் செய்தித்தாள்கள் அவர்களை 'இந்து மாலுமிகள்' என்று வியந்து எழுதின.

ஒன்று மட்டும் என் மனத்துக்கு உவப்பாக இல்லை. கப்பலுக்கு ராபின்சன் தம் மனைவியின் பெயரைச் சூட்டிவிட்டார். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்ற பெயருடன்தான் அது குளோஸ்டரில் நங்கூரமிட்டது. வாங்கியவருக்கு அவ்வுரிமை உண்டு. சட்டப்படி குறைகூற இடமில்லை. ஆயினும் அன்னமிடும் அம்மையின் பெயரைச் சொல்லிப் பாய்விரித்தவர்களுக்கு அது எவ்வாறு இருந்திருக்கும்? பரமதத்தர் மரக்கலமேறிப் போனவர், வேற்றூரில் மறுமணம் செய்து பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயரிட்டார். தாம் பிரிந்த தெய்வத்தின் பெயரை அவரால் விட முடியவில்லை. வல்வை மக்களும் அப்படியே. பலகையில் எப்பெயர் எழுதப்பட்டிருந்தாலும், அவர்கள் இன்றளவும் அக்கப்பலை அன்னபூரணி என்றே அழைக்கின்றனர்.