துப்பாக்கிக்காரரின் தோள் பை

கோவில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுகிறவனை நேயர்கள் பார்த்திருப்பார்கள். இரும்புக் குழாயில் கருமருந்தைக் கொட்டிக் கோலால் இடித்துக் கெட்டித்து, நெருப்பு வைத்துவிட்டு ஓட்டமாய் ஓடிவருவான். ஒரு காலத்தில் உலகத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்தச் சாதியைச் சேர்ந்தவைதான். வாய் வழியே மருந்து. அதன் மேல் குண்டு. இரண்டையும் கோலால் அடிவரையில் தள்ளவேண்டும். பின்புறம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி வந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேனைகள் இவற்றைக் கைவிட்டன.

அமெரிக்கர்களில் சிலர் மட்டும் கைவிட மனமில்லாமல், 1933-ம் வருஷத்தில் இதற்கென்றே ஒரு தேசீய சங்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். இந்தியானா மாகாணத்தில் பிரண்ட்ஷிப் என்ற சிற்றூரில் அதன் மைதானம் இருக்கிறது. ஊருக்குச் 'சிநேகம்' என்று பெயர். அங்கே போய்ச் சுடுகிறார்கள்! இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்களின் தோளில் ஒரு தோல் பை தொங்கும். நாம் சொல்ல வந்தது அந்தப் பையைப் பற்றித்தான். குறி தப்பாமலிருப்பதும், சுடுகிறவரின் விரல்கள் தப்புவதும் அதிலுள்ள சில்லறைச் சாமான்களைப் பொறுத்தவை.

பைக்குப் பக்கத்தில் தொங்குவது மருந்துக் கொம்பு. அசல் மாட்டுக் கொம்புதான். ஈரம் உள்ளே இறங்காது. உரசினால் பொறி பறக்காது. மெல்லிதாகச் சுரண்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மருந்து எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும். ஆனால் கொம்பை நேராகத் துப்பாக்கி வாயில் கவிழ்க்கக் கூடாது. முன் வேட்டின் கனல் குழலுக்குள் ஒளிந்திருந்தால், கொம்பு முழுவதும் கையிலேயே வெடித்துவிடும். ஆகையால் முதலில் ஒரு பித்தளை அளவைக்குள் கொட்டிக்கொள்கிறார்கள். அரை அங்குலக் குழலுக்குச் சாதாரணமாக 60, 70 கிரெயின் போதும். அதாவது நாலரைக் கிராமுக்கு மேல் போகாது.

அடுத்தது பருத்தித் துணித் துண்டு. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது; அதைத் துணியில் பொதிந்து தள்ளினால்தான் இறுக்கமாக உட்காரும். துணி வழுக்கிப் போவதற்காகத் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து தடவுகிறார்கள். கொழுப்பு என்றதும் நம்மவருக்கு வேறு ஞாபகம் வராமல் இராது. வாய் வழியே கெட்டிக்கும் என்பீல்டு துப்பாக்கிக்கு வந்த காகிதத் தோட்டாவிலும் இதே காரியத்துக்காகத்தான் கொழுப்புத் தடவியிருந்தார்கள். அதைப் பல்லால் கடித்துத் திறக்கவேண்டும். பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற சேதி பாளையங்களில் பரவிற்று. 1857 ஏப்ரல் 24-ந் தேதி மீரத்தில் 85 குதிரைச் சிப்பாய்கள் தோட்டாக்களை வாங்க மறுத்தார்கள். மே 10-ந் தேதி அந்த நகரமே கிளர்ந்தெழுந்தது. கலகத்துக்குக் கொழுப்பு ஒன்றே காரணமென்று யாரும் சொல்லமாட்டார்கள். கையால் கிழிக்கலாம் என்று கவாத்து முறையை மாற்றினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பையைவிட்டு வெகு தூரம் போய்விட்டோம். குண்டை வாயிலிருந்து சிறிது உள்ளே தள்ளுவதற்குக் குமிழ் வைத்த குட்டைக் கோல் ஒன்று. பிறகு நீண்ட கோல். இந்த நீண்ட கோலில் இரண்டு கோடுகள் போட்டுக்கொள்ளாதவர் துப்பாக்கியைத் தொடாமலிருப்பது நலம் என்பது நம் அபிப்பிராயம். குழல் காலியாயிருந்தால் கோல் எதுவரையில் இறங்குமென்பதை ஒரு கோடு காட்டும். சரியாகக் கெட்டித்திருந்தால் எங்கே நிற்குமென்பதை மற்றொன்று காட்டும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே சந்து விழுந்தால் குழல் வெடிக்கக்கூடும். கெட்டித்ததை மறந்து இரண்டாம் தடவை கெட்டித்தால் அதைவிட அபாயம். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய 27,000-க்கு மேற்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றில் பாதியில் இரட்டைக் கெட்டிப்பு. ஒன்றில் மட்டும் 23 கெட்டிப்பு இருந்ததாகக் கணக்கெடுத்தவர்கள் குறித்தார்கள். போரின் இரைச்சலில், தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பதே அந்தச் சிப்பாய்க்குத் தெரியவில்லை போலும்!

மைதானத்தில் அவ்வளவு களேபரம் இல்லை. ஆயினும் பக்கத்திலுள்ளவரோடு பேசிக்கொண்டே, மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே கோலின் நுனியில் மாட்டும் திருகாணி ஒன்று பையில் இருக்கிறது. ஈயக் குண்டில் அதைத் திருகி வெளியே இழுக்கவேண்டும். இக்காலத்தில் கரியமில வாயு அடைத்த சிறு குப்பியை வைத்துக் குண்டை வெளியே ஊதித் தள்ளும் கருவியும் வந்துவிட்டது. தவிர, தீத்துளையைக் குத்திச் சுத்தம் செய்யக் கம்பி ஊசி, மழுங்கிய சக்கிமுக்கிக் கல்லின் விளிம்பைக் கொத்திக் கூராக்கச் சிறு சுத்தி, அந்தக் கல்லைப் பற்றிப் பிடிக்கத் தோல் துண்டு.

வீடு திரும்பியதும் ஓய்வு இல்லை. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். எரிந்த பிறகு பாதிக்கு மேல் கசடாகத் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். ஆகையால் அன்றைக்கே சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் தடவுகிறார்கள். மறுநாள் காலையில் வெள்ளைத் துணியை இன்னொரு தடவை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். துணி சிவந்து வந்தால், மறுபடியும் வெந்நீர் போடவேண்டியதுதான்.