இதயக் கருவி அனுப்பும் தகவல்: அணைக்க வேண்டாம், பாதுகாப்போம்

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டு வீடு திரும்புவோரில் சிலருக்குப் படுக்கையருகே வைக்கும் சிறு கருவி ஒன்றையும் தருகிறோம். வேறு சிலருக்கு அப்பணியைக் கைப்பேசிச் செயலி செய்கிறது. பேட்டரியின் நிலை, இதயத்தோடு இணைந்த கம்பிகளின் நிலை, துடிப்பின் ஒழுங்கு ஆகிய விவரங்களை, பெரும்பாலும் நோயாளி உறங்கும் வேளையில், அது பேஸ்மேக்கரிலிருந்து பெறுகிறது. அவை இணையம் வழியே தயாரிப்பு நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, அங்கிருந்து எங்கள் பார்வைக்கு வருகின்றன. துடிப்பில் மாறுதல் தெரிந்தால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உங்களை அழைக்க இது உதவுகிறது.

“வெளியாள் யாரேனும் இதற்குள் புகுந்துவிட மாட்டார்களா?” என்று நோயாளிகள் எங்களிடம் கேட்பதுண்டு. அஞ்சி, கருவியின் மின்இணைப்பையே எடுத்துவிடுவோரும் உள்ளனர்.

இந்த அச்சம் ஆதாரமற்றதன்று. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி, தம் இதயக் கருவியின் கம்பியில்லாத் தொடர்பு வசதி 2007-இல் நிறுத்தப்பட்டதை 2013-இல் வெளிப்படுத்தினார். 2017 ஆகஸ்டில், அந்நாட்டில் பயன்பாட்டிலிருந்த ஏறத்தாழ 4,65,000 பேஸ்மேக்கர்களில் இணையப் பாதுகாப்புக் குறை இருப்பதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. ஆயினும் அதனால் எந்த நோயாளிக்கும் தீங்கு நேர்ந்ததாக அப்போது தகவல் இல்லை. கருவிகளை அகற்றுமாறும் நிர்வாகம் கூறவில்லை. அறுவைச் சிகிச்சை இன்றி, மருத்துவமனையில் சுமார் 3 நிமிடங்களில் மென்பொருளைப் புதுப்பிக்க முடிந்தது.

ஆகவே, எங்களைக் கேட்காமல் கருவியை அணைக்க வேண்டாம். அணைத்துவிட்டால், அது தரவேண்டிய எச்சரிக்கை எங்களை வந்தடையாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய பாதுகாப்புகள் சில உண்டு:

• செயலி உள்ள கைப்பேசிக்குப் பூட்டுக்குறி வையுங்கள். கடவுச்சொல்லைப் பிறரிடம் பகிராதீர்கள்.
• மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.
• வீட்டு வைஃபைக்குத் தொடக்கத்தில் தரப்பட்ட கடவுச்சொல்லை மாற்றுங்கள்.
• வரிசை எண் உள்ள பேஸ்மேக்கர் அட்டையையும் மருத்துவ அறிக்கைகளையும் வாட்ஸ்அப் குழுக்களில் இடாதீர்கள்.
• பழைய கைப்பேசியை விற்குமுன் அதிலுள்ள தகவல்களை முழுமையாக அழியுங்கள்.
• மருத்துவமனையிலிருந்து பேசுவதாகக் கூறி ஓடிபி கேட்டால் தராதீர்கள். நாங்கள் அதைக் கேட்பதில்லை.

உடனிருந்து பராமரிப்போருக்கும் ஒரு சொல். பெற்றோரின் செயலியைப் பிள்ளைகள் தங்கள் கைப்பேசியில் அமைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அது அன்பினால் செய்யப்படுவதே. எனினும் எந்தத் தகவல், யாருக்குத் தெரியவேண்டும் என்பதை முதலில் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள். முதுமையால் அவர்களது அந்தரங்கம் குறைந்துவிடுவதில்லை. பொதுவாக ஒப்புதல் பெற்றே தகவலைக் கையாள வேண்டும் என்பதையும், அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதையும் 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு விதித்துள்ளது. அதே மதிப்பை வீட்டிலும் அளிப்போம்.

இறுதியாக, இக்கருவி அவசர உதவிக்கானது அன்று. அது அனுப்பும் தகவலை ஒவ்வொரு நொடியும் யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், உடனே 108-ஐ அழையுங்கள். கருவி குறித்த ஐயங்களை அடுத்த பரிசோதனையின்போது தயங்காமல் கேளுங்கள். கைப்பேசியையும் உடன் கொண்டுவந்தால், அமைப்புகளைச் சேர்ந்தே சரிபார்க்கலாம்.