எண்ணும் ஆட்டமும்

அமெரிக்க நாட்டு மக்கள் பேஸ்பால் ஆட்டத்தில் நிகழும் ஒவ்வோர் அடியையும் ஓட்டத்தையும் நூறாண்டுகளுக்கு மேலாக ஏட்டில் குறித்து வந்துள்ளனர். ஆடுகளத்தில் நான்கு தளங்கள் உண்டு. பந்தை அடித்தவர் அவற்றை வரிசையாகத் தொட்டுத் தொடங்கிய இடத்திற்கு மீண்டால் ஓர் ஓட்டம் கிடைக்கும். இரண்டாம் தளத்தருகே நின்று பந்தைத் தடுப்பவரை இரண்டாம் தளக் காவலர் எனலாம். அவ்விடத்தில் ஆடியவருள் தலைசிறந்தவர் யார்?

எண்களைக் கேட்டால் விடை எளிதில் கிடைத்துவிடும் என்று தோன்றும். 1915 முதல் 1937 வரை ஆடிய ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, ஆயிரம் வாய்ப்புகளுக்கு 358 என்னும் விகிதத்தில் வெற்றியுற அடித்தார். 1924-ஆம் ஆண்டில் அது 424 ஆக உயர்ந்தது. 1963 முதல் 1984 வரை ஆடிய ஜோ மார்கனின் அடி விகிதமோ 271தான். இவ்விருவரையும் ஒப்பிடவும் வேண்டுமோ என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும்.

பந்தெறிபவர் உரிய எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை எறிந்து, மட்டை பிடித்தவர் அவற்றை அடிக்க முயலாது விட்டால், அவர் முதல் தளத்திற்கு நடந்தே செல்லலாம். பொறுமையும் கூரிய பார்வையும் உடையவர்க்கே இவ்வாய்ப்பு மிகுதியாகக் கிட்டும். அடி விகிதமோ இதனைக் கணக்கில் கொள்வதேயில்லை! மார்கன் இவ்வாறு 1,865 முறை தளம் சேர்ந்தார். ஹார்ன்ஸ்பி 1,038 முறை. அடித்துச் சென்றதையும் நடந்து சென்றதையும் சேர்த்துத் தளம் சேர்ந்த விகிதத்தைக் கண்டால், ஹார்ன்ஸ்பிக்கு 434, மார்கனுக்கு 392. 87 ஆக இருந்த இடைவெளி 42 ஆகச் சுருங்கிவிட்டது. மேலும், எதிரணியினர் அயர்ந்த நேரம் பார்த்து ஓடி அடுத்த தளத்தைக் கவர்வதில் மார்கன் வல்லவர். 851 முறை முயன்று 689 முறை வென்றார்.

காலமும் ஒன்றன்று. 1930-ஆம் ஆண்டில் தேசிய லீகின் எட்டு அணிகளும் சேர்ந்தே 303 என்னும் அடி விகிதம் பெற்றன. மார்கன் காலத்தில் வந்த 1968-இலோ, இரு பெரிய லீகுகளுக்கும் சேர்த்து அது 237 ஆகத் தாழ்ந்தது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட நாளில், எத்தனை மரக்கால் என்று மட்டும் கேட்டு நெல்லை ஒப்பிட இயலுமா? எனினும் இத்தனையும் கழித்த பின்னரும், மட்டை வன்மையில் ஹார்ன்ஸ்பியே மேலானவர் என்பேன்.

பந்தைத் தடுக்கும் திறனை எண்ணால் அளப்பது இன்னும் அரிது. பில் மசரோஸ்கியின் அடி விகிதம் 260 மட்டுமே. ஆயினும் ஒரே பந்தில் இருவரை வெளியேற்றும் ஆட்டத்தில் அவர் 1,706 முறை பங்கு கொண்டார். வேறெந்த இரண்டாம் தளக் காவலரும் அத்தொகையை எட்டியதில்லை.

ஜாக்கி ராபின்சனின் கணக்கிலோ வேறொரு குறை உண்டு. ஹார்ன்ஸ்பி இருபத்தெட்டு வயது நிரம்புமுன் பெரிய லீகில் ஒன்பது பருவங்கள் ஆடியிருந்தார். ராபின்சன் அங்கு அடியெடுத்து வைத்த 1947-ஆம் ஆண்டிலேயே அவருக்கு வயது இருபத்தெட்டு. அவருடைய திறமை பிந்தி மலர்ந்ததன்று. படைப்பணியில் சில ஆண்டுகள் கழிந்தன; அதற்கு முன்னும் பின்னும், கறுப்பினத்தவர் என்பதனால் அவருக்குக் கதவு அடைபட்டிருந்தது. 1949-இல் 342 என்னும் விகிதத்தில் அடித்துத் தேசிய லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். ஆயினும் அவர் ஆடிய பத்துப் பருவங்களின் கூட்டுத்தொகையை, இருபது பருவங்கள் ஆடியவரின் தொகையோடு வைத்தால் அவர் சிறியவராகவே தோன்றுவார். ஆட விடாத ஆண்டுகளுக்கு ஏட்டில் எண் இல்லை. கறுப்பின வீரர்கள் தனியே ஆடிய லீகுகளின் கணக்குகள் 2024-இல்தான் பெரிய லீகுகளின் ஏட்டில் சேர்க்கப்பட்டன. 1945-இல் கான்சாஸ் நகர அணிக்காக ராபின்சன் ஆடிய ஆட்டங்களும் அவற்றுள் அடங்கும்.